ஒற்றைச் சொல்லிலிருந்து 15 மணி நேரத் தேர்வு வரை: மொரீஷியசில் கலைப் பாடம் எடுப்போருக்கு ஒரு வழிகாட்டி

கலையும் வடிவமைப்பும் என்ற பாடத்தை எச்.எஸ்.சி. (உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ்) வகுப்பில் எடுத்த முதல் ஆண்டில், பள்ளி மாதிரித் தேர்வுக்காக எங்கள் கையில் தரப்பட்ட தாளில் சில சொற்களும் சொற்றொடர்களும் மட்டுமே இருந்தன. வினா என்று எதுவும் இல்லை. "பிடித்ததைச் செய்யலாம், தடை ஒன்றும் இல்லை" என்று வகுப்பில் சொன்னார்கள். தடை இல்லை என்ற அந்தச் செய்தியே என்னுடைய மூன்று வாரங்களைத் தின்றுவிட்டது. பெரிய யோசனை ஒன்று தோன்றும் வரை காத்திருந்தேன்; அது தோன்றவில்லை. கடைசியில் கடற்கரை அந்திவானம் ஒன்றை எண்ணெய் வண்ணத்தில் வரைந்து, பாதி ஈரத்தோடு ஒப்படைத்து, மிகக் குறைந்த மதிப்பெண் வாங்கினேன். அடுத்த ஆண்டு உண்மைத் தேர்வுக்கு முன் நான் கற்றுக்கொண்டதை, உங்களுக்கும் அந்த மூன்று வாரங்கள் வீணாகக் கூடாது என்பதற்காக, செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

இது கேம்பிரிட்ஜின் 9479 என்ற எண்ணுள்ள கலைப் பாடத்திட்டத்தில், வெளியிலிருந்து வரும் தாளுக்குப் படைப்பு செய்யும் பகுதியை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அந்தப் பகுதியில் கொடுக்கப்பட்ட தொடக்கச் சொற்களில் ஒன்றை நீங்கள் தேர்ந்தெடுத்து, தயாரிப்புக் காலத்தில் துணை ஆய்வுத் தாள்களைச் செய்து, பின்னர் கண்காணிப்பில் 15 மணி நேரத்தில் இறுதிப் படைப்பை முடிக்க வேண்டும். மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் நுண்கலைப் பிரிவுக்கோ வேறு வடிவமைப்புப் படிப்புக்கோ படைப்புத் தொகுப்பு தயாரிப்பவர்களுக்கும் இரண்டாம் படி முதல் ஆறாம் படி வரை அப்படியே பயன்படும்.

1. சொல்லைப் பார்க்கும் முன் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியவை

தாள் கைக்கு வந்த உடனே எல்லோரும் சொற்களுக்குள் தலையை விட்டுவிடுவார்கள். அதற்கு முன் ஆசிரியரிடம் ஐந்து விவரங்களைக் கேட்டு, ஸ்கெட்ச் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். துணை ஆய்வுத் தாள்கள் அதிகபட்சம் எத்தனை, அவற்றை ஒப்படைக்கும் நாள் எது, 15 மணி நேரத்தைப் பள்ளி எந்தெந்த நாள்களில் எத்தனை மணி நேரமாகப் பிரித்திருக்கிறது, படைப்பு நேரில் அனுப்பப்படுகிறதா அல்லது ஒளிப்படமாக அனுப்பப்படுகிறதா, தேர்வு அறையில் பள்ளி தருவது என்ன, நாம் கொண்டுவர வேண்டியது என்ன என்பவையே அந்த ஐந்தும். தாளின் அளவு ஏ2, அதாவது 420 மில்லிமீட்டருக்கு 594 மில்லிமீட்டர் என்பது தெரிந்ததே. எண்ணிக்கையை மட்டும் வாய்மொழியாகக் கேட்டு நம்பிவிடாமல், அந்த ஆண்டின் அறிவுரைத் தாளில் உங்கள் கண்ணாலேயே பாருங்கள். மூத்த மாணவர்கள் சொல்லும் எண் பெரும்பாலும் பழைய பாடத்திட்டத்தினுடையதாக இருக்கும்.

மதிப்பெண் எதற்கு என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். கண்டதையும் நினைத்ததையும் பதிவு செய்தல், பொருள்களையும் முறைகளையும் சோதித்துத் தேர்ந்தெடுத்தல், யோசனையை ஆராய்ந்து வளர்த்தல், சொந்தமான, ஒத்திசைந்த முடிவாக முன்வைத்தல் என்ற நான்கு நோக்கங்களுக்கும் சமமான எடை உண்டு. நான்கில் மூன்று, நீங்கள் வந்த வழியைப் பற்றியவை என்பதைக் கவனியுங்கள். கைத்திறன் மிக்க என் வகுப்புத் தோழி ஒருத்தி அழகான இறுதிப் படத்தையும் இரண்டே இரண்டு துணைப் படங்களையும் கொடுத்துவிட்டு, மதிப்பெண் ஏன் குறைந்தது என்று மாதக்கணக்கில் வருந்திக்கொண்டிருந்தாள்.

2. முதல் இரண்டு நாள்: வரையாமல் சொல்லைக் கிளறுதல்

விளக்கத்துக்காக இந்தக் கட்டுரை முழுவதும் ஒரே சொல்லை எடுத்துக்கொள்கிறேன். அது "சுமை". இது எந்தத் தேர்வுத் தாளிலிருந்தும் எடுத்ததன்று. நான் பயிற்சிக்காக எனக்கே கொடுத்துக்கொண்ட சொல்.

இந்தத் தீவில் வளர்ந்த நமக்கு ஒரு வசதி உண்டு. வீட்டில் கிரியோல், பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும், தமிழ் வகுப்பிலும் கோவிலிலும் தமிழ் என்று நான்கு மொழிகள் நம் காதில் விழுகின்றன. தொடக்கச் சொல்லை நான்கிலும் எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு மொழியும் அதை வேறு பக்கமாகத் திருப்பும். பிரெஞ்சில் "ஷார்ஜ்" என்றால் பாரமும் உண்டு, செலவும் உண்டு, பொறுப்பும் உண்டு, மின்னேற்றமும் உண்டு. கிரியோலில் "லூர்" என்பது மூட்டைக்கும் பொருந்தும், மனத்துக்கும் பொருந்தும். தமிழில் தேடியபோது எனக்குக் கிடைத்தது "சுமைதாங்கி". தலைச்சுமையோடு நடந்துவருபவர் பிறர் உதவி இல்லாமல் சுமையை இறக்கிவைத்து இளைப்பாறுவதற்காகத் தமிழ்நாட்டு வழிகளில் தோளுயரத்துக்கு நிறுத்திய கல் அது. வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நிறுத்தும் வழக்கமும் இருந்தது. நான் அந்தக் கல்லை நேரில் பார்த்ததில்லை என்பதால் அதை வரையவில்லை. ஆனால் சுமை என்பது தூக்குவது மட்டும் இல்லை, இறக்குவதும்தான் என்ற எண்ணம் அங்கிருந்துதான் வந்தது.

இந்த வேலைக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்குங்கள். நடுவில் சொல்லை எழுதி நாற்புறமும் கோடு இழுக்கும் வரைபடத்தை ஆசிரியர்கள் கேட்பார்கள். செய்துகொடுங்கள், ஆனால் பெயர்ச்சொற்களை மட்டும் நிரப்பாதீர்கள். தூக்குதல், இறக்குதல், அழுந்துதல், கிழிதல், பழகிப்போதல் என்று வினைகளையும் எழுதுங்கள். பெயர்ச்சொல் ஒரு பொருளைக் காட்டுவதோடு நின்றுவிடும். வினைச்சொல்லைத் தாளின் மேலேயே செய்து பார்க்க முடியும்: அழுத்தலாம், கிழிக்கலாம், மடிக்கலாம். பிற்பாடு என் சோதனைப் படங்களில் பாதி இந்த வினைகளிலிருந்துதான் வந்தன.

3. எல்லோருக்கும் தோன்றுபவற்றை எழுதி ஓரமாக வைத்தல்

முதலில் தோன்றும் யோசனை உங்களுடையது மட்டும் என்று நினைக்காதீர்கள். அது வகுப்பில் பாதிப் பேருடையது. மொரீஷியஸ் மாணவனுக்கு எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் டோடோ பறவை, லெ மோர்ன் மலை, அந்திவானக் கடற்கரை, ஆப்ரவாசி காட் இறங்குதுறையின் 16 படிகள் என்ற நான்கில் ஒன்று ஓடி வந்து நிற்கும். "சுமை" என்றால் கரும்புக் கட்டைச் சுமக்கும் தொழிலாளி, கூனிய முதியவர், காவடி எடுப்பவர் ஆகிய மூவரும் கூடவே வருவார்கள். இவற்றை ஒரு பட்டியலாக எழுதி, பக்கத்தில் தேதியிட்டு, "முதல் நாள் யோசனைகள்" என்று பெயரிட்டு அப்படியே விட்டுவிடுங்கள். கிழித்து எறிய வேண்டாம். எதைத் தள்ளினீர்கள், ஏன் தள்ளினீர்கள் என்பதும் வளர்ச்சியின் சான்றுதான்.

காவடி பற்றித் தனியாக ஒரு சொல், ஏனென்றால் நம் வீட்டுப் பிள்ளைகள் அதைத்தான் முதலில் பிடிப்பார்கள். பொருள் அருமையானது, வளைந்த சட்டம், பால் செம்பு, பூ, மயிற்பீலி, உடம்பில் தொங்கும் எலுமிச்சம்பழம் என்று வரைவதற்கு அதில் எவ்வளவோ உண்டு. சிக்கல் நாட்காட்டியில் இருக்கிறது. தைப்பூசம் ஜனவரியிலோ பிப்ரவரியிலோ வருகிறது, எச்.எஸ்.சி. தேர்வுகளோ அக்டோபர், நவம்பரில் நடக்கின்றன. தாள் உங்கள் கைக்கு வரும்போது காவடி முடிந்து பல மாதங்கள் ஆகியிருக்கும். நேரில் பார்த்து வரைய வழியில்லாமல் இணையத்தில் எடுத்த யாரோ ஒருவருடைய ஒளிப்படத்தைப் பார்த்து வரைவீர்கள், அதோடு பதிவுக்கான மதிப்பெண் போய்விடும். தைப்பூசத்தின்போதே, தாள் வரும் என்பதையே நினைக்காமல், ஸ்கெட்ச் புத்தகத்தில் இருபது பக்கம் வரைந்து வைத்திருந்தால் மட்டும் அதைத் தொடுங்கள்.

4. கைக்கு எட்டும் ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்தல்

நான் மாதிரித் தேர்வில் தவறியதும் உண்மைத் தேர்வில் தப்பியதும் இந்தப் படியில்தான். ஆகவே இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். தொடக்கச் சொல் பரந்தது. அதற்குப் பரந்த விடை தேடினால் "மனித வாழ்வின் சுமைகள்" போன்ற ஒரு தலைப்பு கிடைக்குமே தவிர, நாளைக் காலையில் உட்கார்ந்து எதை வரைவது என்பது தெரியாது. அதனால் ஒவ்வொரு யோசனையிடமும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இரண்டு வாரத்துக்குள் இதை நான் குறைந்தது மூன்று முறை நேரில் பார்க்க முடியுமா? தொடவும், திருப்பவும், வெளிச்சத்தை மாற்றவும் முடியுமா? பணம் கட்டாமலும் அனுமதிக் கடிதத்துக்குக் காத்திருக்காமலும் அங்கே போக முடியுமா? மூன்றுக்கும் ஆம் என்றால்தான் அது உங்கள் பட்டியலில் நிற்கலாம்.

எனக்கு நின்றது என் ஆயாவின் (பாட்டியின்) சந்தைப் பை. தாழை ஓலையின் முள் விளிம்பைச் சீவிக் காயவைத்துக் கீற்றாக்கிப் பின்னிய, நம் ஊரில் எல்லோரும் "தாந்த் பஸார்" என்று சொல்லும் பை. ஆயா அதை நிறைத்துக்கொண்டு சந்தையிலிருந்து வந்து, சமையலறை மேசையில் வைத்துவிட்டு, விரல்களை நீவிக்கொள்வார். கைப்பிடி அழுந்திய சிவந்த கோடு விரல்களின் குறுக்கே இருக்கும். பையை எத்தனையோ ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கோட்டை அன்றுதான் பார்த்தேன். அதற்குப் பிறகு யோசனையைத் தேடி எங்கும் அலைய வேண்டியிருக்கவில்லை.

உங்களுக்கு வேறொன்று அகப்படும். கரும்புத் தோட்டங்களின் நடுவே குவிந்திருக்கும் கருங்கல் மேடுகளை எடுத்துக்கொள்ளலாம். அறுவடை நடக்கும் மாதங்களும் தயாரிப்பு மாதங்களும் ஒன்றோடொன்று பொருந்தி வருவதால், பயிர் மறைத்த கல்மேடு அறுவடைக்குப் பின் வெளிப்படுவதை வாரந்தோறும் வரையலாம். எழுத்தில் ஆர்வமுள்ளவர்கள் சட்டைப்பையில் இருக்கும் நூறு ரூபாய் நோட்டையே எடுக்கலாம். அதில் அரசியல் தலைவர் ரங்கநாதன் சீனிவாசன் அவர்களின் உருவமும், மதிப்பைக் குறிக்கும் தமிழ் எழுத்தும் இருக்கின்றன. 1998இல் வந்த நோட்டுகளில் தமிழும் இந்தியும் இடம் மாறியதற்கு எழுந்த எதிர்ப்பால் அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன என்பதை வைத்துப் பார்த்தால், சில மில்லிமீட்டர் உயரமுள்ள எழுத்து எவ்வளவு கனமானது என்பது விளங்கும். அச்சு வடிவமைப்பு எடுக்கும் மாணவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைப்பது அரிது.

செலவைப் பற்றி அஞ்ச வேண்டாம். 2005 முதல் மாணவர்களுக்குப் பேருந்துப் பயணம் இலவசம். மாணவர் அட்டை போதும். போர்ட் லூயி மத்திய சந்தைக்கும், மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்திலுள்ள இந்தியக் குடியேற்ற நாட்டார் அருங்காட்சியகத்துக்கும் நான் போய்வந்தது அப்படித்தான்.

5. பதிவு செய்தல்: தேதியோடு, நேரில், திரும்பத் திரும்ப

ஒரே பொருளை ஒரே கோணத்தில் அழகாக வரைவதை விட, மாறிக்கொண்டே இருக்கும் பொருளைப் பலமுறை வரைவது பயன் தரும். காலிப் பை, நிறைந்த பை, தொங்கும்போது நீளும் கைப்பிடி, தரையில் வைத்ததும் சரியும் வாய், பின்னலின் ஒரு சதுர அங்குலம் என்று நான் வரைந்தேன். பிறகு சமையலறைத் தராசில் உருளைக்கிழங்கை நிறுத்து, ஒரு கிலோ, மூன்று கிலோ, ஐந்து கிலோ என்று மூன்று முறை பையைத் தூக்கி ஐந்து நிமிடம் நின்று, விரலில் விழுந்த கோட்டை ஒவ்வொரு முறையும் வரைந்து, அது மறையும் வரை எவ்வளவு நேரம் ஆனது என்று பக்கத்திலேயே எழுதினேன். தம்பி பார்த்துச் சிரித்தான். ஆனால் என் தாள்களிலேயே ஆசிரியர் அதிக நேரம் நின்று பார்த்த பக்கம் அதுதான்.

ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் தேதி, இடம், எதைக்கொண்டு வரைந்தது, அடுத்து என்ன செய்யத் தோன்றுகிறது என்ற நான்கும் இருக்கட்டும். குறிப்பு இரண்டு மூன்று வரிக்கு மேல் போக வேண்டாம். "இதை நான் மிகவும் விரும்பி வரைந்தேன்" போன்ற வரிகளால் பயன் இல்லை. "கரி பின்னலின் இடுக்கை நன்றாகக் காட்டியது, கைப்பிடியின் இறுக்கத்தைக் காட்டவில்லை, நாளை மை" என்று எழுதுங்கள்.

ஒளிப்படம் எடுப்பதானால் நீங்களே எடுங்கள். பிறர் எடுத்ததைப் பயன்படுத்தினால் யாருடையது, எங்கே கிடைத்தது என்று அன்றைக்கே எழுதிவிடுங்கள்; ஒப்படைக்கும் முந்தின இரவில் நினைவுக்கு வராது. படைப்பு உங்களுடையதே என்ற உறுதிமொழி ஒன்றும் இருக்கிறது. அதில் கையெழுத்திடும்போது தயங்காதபடி குறிப்புகள் இருக்க வேண்டும். சந்தையில் வியாபாரிகளின் முகத்தை எடுக்கும் முன் கேட்டுவிடுங்கள். வாங்காமல் படம் மட்டும் எடுக்க நின்ற என்னை ஒருவர் விரட்டினார். மறுமுறை ஒரு கட்டுக் கொத்தமல்லி வாங்கிய பிறகு அவரே பையை உயர்த்திப் பிடித்துக் காட்டினார்.

6. இரண்டு கலைஞர்கள் போதும்

துணை ஆய்வில் பிற கலைஞர்களைப் பார்த்ததற்கான அடையாளம் வேண்டும் என்றதும், பத்துப் பேரின் பிறந்த ஆண்டையும் வாழ்க்கைக் குறிப்பையும் இணையத்திலிருந்து எடுத்து ஒட்டுவது பெரிய பொறி. வாழ்க்கைக் குறிப்புக்கு மதிப்பெண் இல்லை. உங்கள் பொருளோடு முட்டி நிற்கும் ஒரு சிக்கலை முன்பே தீர்த்தவர் யார் என்று தேடுங்கள்.

சிறிய, மலிவான துண்டுகளிலிருந்து பெரிய பரப்பைப் பின்னுவது எப்படி என்பது என் சிக்கல். கானாவில் பிறந்த எல் அனட்சுயி, மது பாட்டில்களின் அலுமினிய மூடிகளைச் செம்புக் கம்பியால் கோத்து, துணிபோல மடிந்து தொங்கும் மாபெரும் சுவர்ப் படைப்புகளைச் செய்பவர். அவருடைய மடிப்புகளை மூன்று சிறு படங்களாக வரைந்து, அதே முறையில் பழைய செய்தித்தாள் கீற்றுகளைக் கோத்துப் பார்த்தேன். இரண்டாமவர் இத்தாலிய ஓவியர் ஜார்ஜோ மொராந்தி (1890–1964). வாழ்நாளின் பெரும்பகுதி தன் அறையிலிருந்த அதே பாட்டில்களையும் கிண்ணங்களையும் திரும்பத் திரும்ப வரைந்தவர். வீட்டுச் சாமானை வரைகிறோமே என்ற கூச்சம் எனக்குப் போனது அவரால்தான். எழுத்தை எடுப்பவர்கள் சென்னைக்கு அருகே 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை நிறுவிய கே.சி.எஸ். பணிக்கரைப் பாருங்கள், எழுத்துப்போலத் தோன்றும் குறிகளையும் சோதிடக் கட்டங்களையும் பரப்பு முழுவதும் நிரப்பிய படங்கள் அவருடையவை.

நம் நாட்டின் ஓவியர் வாக்கோ பெசாக்கைப் பலரும் எடுப்பார்கள். கறுப்புக் கோட்டுக்குள் தட்டையான பிரகாச வண்ணம் நிரப்பும் அவருடைய முறை கண்ணாடிச் சன்னல் ஓவியத்தை நினைவூட்டுவது. பார்ப்பதற்கு எளிதாகத் தெரிவதால் எல்லோரும் நகலெடுத்துவிடுகிறார்கள். எடுத்தால், கோட்டின் தடிமன் ஏன் மாறுகிறது என்ற ஒரு கேள்வியோடு எடுங்கள்.

7. பொருள்களும் செலவும் பருவநிலையும்

என் முதல் முயற்சியில் 3,000 ரூபாய்க்கு மேல் செலவழித்தேன். அதில் பாதிக்கு மேல் எண்ணெய் வண்ணத்துக்குப் போனது. எண்ணெய் வண்ணம் காயப் பல நாள்கள் ஆகும், தடித்துப் பூசினால் வாரங்கள் ஆகும். க்யூர்ப்பிப் போன்ற மேட்டுப் பகுதியின் குளிர்மாதத் தூறலில் இன்னும் தாமதமாகும். மணிக்கணக்கு வைத்த தேர்வுக்கு அது ஒத்துவராது. அக்ரிலிக் சில நிமிடங்களில் காய்ந்துவிடும். மூன்று அடிப்படை நிறங்களும் வெள்ளையும் கறுப்பும் வாங்கினால் போதும். கலந்துகொள்ளலாம், கலந்த விதத்தைப் பட்டையாகத் தாளில் காட்டினால் அதுவும் சோதனையே.

தாளில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஈர வேலைக்கு ஒரு சதுர மீட்டருக்கு 200 கிராமுக்குக் குறையாத தாள் வேண்டும். அதற்கு மெல்லியது ஈரத்தில் அலை அலையாகச் சுருங்கும். தேவையான எண்ணிக்கையை விட மூன்று ஏ2 தாள்களை அதிகமாக, தேர்வுத் தாள் கைக்கு வந்த முதல் வாரத்திலேயே வாங்குங்கள். எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே காலத்தில் தேர்வு என்பதால் கடைசி வாரத்தில் கடைகளில் ஏ2 தீர்ந்துவிடும். நான் ரோஸ் ஹில் முழுவதும் அலைந்துவிட்டு, ஏ1 வாங்கி இரண்டாக வெட்டினேன். வெட்டினால் சரியாக ஏ2தான் வரும் என்பதை நினைவில் வையுங்கள்.

காசில்லாமல் கிடைப்பவற்றைத்தான் நான் அதிகம் பயன்படுத்தினேன். பையின் மேல் மெல்லிய தாளை வைத்து மெழுகுக் கிரயானால் உரசினால் பின்னல் அப்படியே பதியும். சன்னல் கண்ணாடித் துண்டில் அச்சு மையைத் தடவி, பையின் பக்கத்தை அதில் ஒற்றித் தாளில் அழுத்தினால் இன்னொரு பதிவு. ஆயாவிடம் கேட்காமல் செய்யாதீர்கள். நான் கேட்காமல் செய்து, அவருக்குப் புதுப் பை வாங்கித் தர வேண்டியதாயிற்று. கரிப் படங்களுக்கு நிலைப்படுத்தும் தெளிப்பான் அவசியம். தலைமுடித் தெளிப்பான் மலிவு என்றாலும் தாளை நாளடைவில் மஞ்சளாக்கும், ஆகையால் சோதனைப் படங்களுக்கு மட்டும்.

8. எட்டு வாரக் கணக்கு

எங்களுக்குத் தயாரிப்புக்கு எட்டு வாரங்கள் கிடைத்தன. உங்களுக்கு எத்தனை கிடைத்தாலும் விகிதத்தை இப்படி வையுங்கள்: முதல் வாரம் சொல்லுக்கும் பொருளுக்கும், அடுத்த இரண்டு வாரம் நேரில் பதிவுக்கு, பின் இரண்டு வாரம் கலைஞர்களுக்கும் பொருள் சோதனைகளுக்கும், ஆறாம் வாரம் அமைப்புக்கு, ஏழாம் வாரம் ஒத்திகைக்கு, எட்டாம் வாரம் தாள்களை ஒழுங்குபடுத்துவதற்கு. முதல் வார முடிவில் பொருள் அகப்படவில்லை என்றால், கையருகே உள்ளவற்றில் குறைவாகச் சலிப்பூட்டும் ஒன்றை எடுத்துக்கொண்டு வரையத் தொடங்கிவிடுங்கள். பொருளை மாற்ற மூன்றாம் வாரம் வரை நேரம் இருக்கிறது, அதன் பிறகு மாற்றாதீர்கள். மற்றப் பாடங்களின் மாதிரித் தேர்வுகளும் இதே காலத்தில் வரும் என்பதால், அந்த வாரங்களை நாட்காட்டியில் முன்கூட்டியே அடித்துவிட்டு மிச்சத்தை எண்ணுங்கள்.

அமைப்பு வாரத்தில் தீப்பெட்டி அளவில் பன்னிரண்டு சிறுபடங்கள் வரைந்து, அவற்றில் மூன்றை உள்ளங்கை அளவுக்கும், ஒன்றை ஏ4 அளவுக்கும் வளர்த்தேன். பை முழுவதும் தெரியும் அமைப்பிலிருந்து படிப்படியாக நெருங்கி, கடைசியில் பையே இல்லாமல், விரல்களும் குறுக்குக் கோடுகளும் மட்டும் மிஞ்சின. அந்த நெருக்கம் படிப்படியாக வந்தது தாளில் தெரிய வேண்டும்.

9. ஒத்திகை செய்யாமல் தேர்வு அறைக்குப் போகாதீர்கள்

15 மணி நேரம் என்பது கேட்க நீளமாக இருக்கும். எங்கள் பள்ளி அதை ஐந்து மணி நேரமாக மூன்று நாளுக்குப் பிரித்தது. அதில் மேசையை ஒழுங்குபடுத்துவதும் தூரிகை கழுவுவதும் மை காயக் காத்திருப்பதும் அடக்கம். உண்மையில் கை நகரும் நேரம் பன்னிரண்டுக்கு மேல் இராது. இறுதிப் படைப்பின் கால் பகுதியை வீட்டில் முழு அளவில், கடிகாரம் வைத்துச் செய்து பாருங்கள். அதற்கு ஆன நேரத்தை நான்கால் பெருக்கினால் விடை தெரிந்துவிடும். எனக்கு இருபத்திரண்டு மணி நேரம் வந்தது. படைப்பைப் பின்னும் தாள் கீற்றுகளின் அகலத்தை இரு மடங்காக்கி, எண்ணிக்கையைக் குறைத்துத் தப்பினேன்.

நாள் வாரியாக என்ன முடிந்திருக்க வேண்டும் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதுங்கள். முதல் நாளில் அடிப்படைப் பரப்பும் பெரிய வடிவங்களும், இரண்டாம் நாளில் நடுத்தர விவரங்கள் எல்லாம், மூன்றாம் நாளின் கடைசி ஒரு மணி நேரம் காலியாக. ஏதாவது தவறும்; அந்த ஒரு மணி நேரம் அதற்காக.

10. துணை ஆய்வுத் தாள்களை அடுக்குதல்

ஸ்கெட்ச் புத்தகத்திலிருந்து நல்லவற்றை வெட்டி ஏ2 தாளில் ஒட்டும்போது, அழகுக்காக வரிசையை மாற்றாதீர்கள். பார்ப்பவருக்கு உங்களைத் தெரியாது. முதல் தாளில் சொல்லும் பையும், கடைசித் தாளில் விரல்களும் இருந்தால், நடுவில் நடந்தது என்ன என்பதை அவர் கண்ணாலேயே பின்தொடர வேண்டும். தலைப்பை அலங்கார எழுத்தில் வரைவதும், ஓரங்களில் பூக்கோலம் போடுவதும், பக்கத்தை வண்ணத் தாளால் நிரப்புவதும் நேரத்தை விழுங்கும் வேலைகள். பலவீனமான படத்தை இடம் நிரப்புவதற்காக ஒட்டாதீர்கள். ஆனால் தோற்றுப்போன ஒரு சோதனையை, ஏன் தோற்றது என்ற ஒரு வரியோடு கட்டாயம் வையுங்கள்.

ஒட்டுவதற்கு முன் ஒவ்வொரு படத்தையும் ஒளிப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெராந்தாவின் நிழலில், பகல் வெளிச்சத்தில், ஃப்ளாஷ் இல்லாமல், கேமரா தாளுக்கு நேர் எதிராக இருக்கும்படி எடுங்கள். ஒரு தாள் மழையில் நனைந்து போன தோழனுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அவன் எடுத்து வைக்கவில்லை. பேருந்தில் கொண்டுபோக, இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்துப் பெரிய குப்பைப் பையில் போட்டுக் கட்டினால் போதும், விலையுயர்ந்த கோப்புறை தேவையில்லை.

11. தேர்வு நாள்கள்

துணை ஆய்வுகள் தேர்வு தொடங்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும். அவற்றை அறைக்குள் கொண்டுபோய்ப் பார்த்து வேலை செய்யலாம். கைப்பேசி வெளியே இருக்கும் என்பதால், அதிலுள்ள படத்தை நம்பியிருப்பவர்கள் முன்கூட்டியே அச்சிட்டுத் தாளில் ஒட்டிவிடுங்கள். அகலமான தூரிகை, இரண்டு தண்ணீர்க் குவளை, பழைய துணி, மறைக்கும் நாடா, கத்தரி, உங்கள் நிறக் கலவைப் பட்டை ஆகியவற்றை முந்தின இரவே ஒரே பையில் போடுங்கள். முதல் நாள் முதல் அரை மணி நேரம் கை நடுங்கும். அந்த நேரத்துக்கென்று நடுக்கம் பாதிக்காத வேலை ஒன்றை, பரப்புக்கு அடி வண்ணம் பூசுவது போன்றதை, ஒதுக்கி வையுங்கள். புதிய யோசனை ஒன்று இரண்டாம் நாள் காலையில் மிக அழகாகத் தோன்றும். ஒத்திகை செய்யாத எதையும் அன்று தொடங்காதீர்கள்.

மூன்றாம் நாள் மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது வேலையை நிறுத்திவிட்டு, மைய எண், தேர்வர் எண், பெயர் ஆகியவை எழுதிய சீட்டைப் பள்ளி சொன்ன இடத்தில் ஒட்டுங்கள். அக்ரிலிக் தொடுவதற்குக் காய்ந்ததுபோல் இருந்தாலும் அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் என்பதால், உங்கள் படைப்பின் மேல் வேறொருவருடையதை வைக்கும் முன் இடையில் ஒரு பேக்கிங் தாளை வைக்கும்படி கண்காணிப்பவரிடம் கேளுங்கள், தாளையும் நீங்களே கொண்டுபோங்கள்.